வானொலியில் சொன்ன வார்த்தை

பைரிக்கி, தராவா
மார்ச் 4

அன்புள்ள ராகேரா அக்காவுக்கு,

மௌரி, வணக்கம். நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன விமானத்தில் அனுப்பிய தைலம் வந்து சேர்ந்ததா, இல்லை பக்கத்து வீட்டுக் கவோங்கோவின் மனைவி கேட்டாள் என்று தூக்கிக் கொடுத்துவிட்டாயா?

நல்ல செய்தி ஒன்று. நாடாளுமன்றம் அதிபர் தேர்தலுக்கு மூன்று உறுப்பினர்களை நிறுத்தியிருக்கிறது. மூன்றாவது ஆள் உன் தம்பி. ஜூலையில் எல்லாத் தீவுகளும் ஓட்டுப் போடும். செய்தி வந்த அன்றைக்கே வீடு நிறைய உறவினர்கள். ஒருவர் என் நீலச் சட்டையைப் புபுதி கேட்டார். சொந்தக்காரர் வாய்விட்டுப் புபுதி என்று கேட்டபிறகு இல்லை என்று சொல்ல நம்மில் யாருக்கு நாக்கு வரும்? கழற்றிக் கொடுத்தேன். அடுத்தவர் செருப்பைக் கேட்டார். அதிபர் ஆவதற்குள் வெறுங்காலோடு நிற்பேன் போலிருக்கிறது. என் மனைவி எலீசா, மகளின் பிரசவத்துக்காக ஃபிஜியில் இருக்கிறாள். எல்லோரும் கிளம்பியபின் இந்த வீட்டில் நானும் சுவர்ப் பல்லியும்தான்.

14ஆம் தேதி மாலை வானொலியில் எங்கள் மூவரிடமும் கேள்வி கேட்கப் போகிறார்கள். நம் தீவு விஷயம் வராமல் இருக்காது. கப்பல் வேலை முடித்து வந்த தெகாயி வேறொரு சபையில் சேர்ந்து தன் வீட்டிலேயே ஜெபம் நடத்துகிறானாம். ஒரு தீவுக்கு ஒரு சபைதான் என்று பெரியவர்கள் அவனைக் குடும்பத்தோடு அடுத்த கப்பலில் ஏற்றப் போகிறார்களாம். உண்மையா? பேட்டிக்கு முன்னால் எழுது.

நீ குறையில்லாமல் இருக்க வேண்டும்.
உன் தம்பி,
தபுயா


மார்ச் 9

அன்புள்ள தம்பி தபுயாவுக்கு,

மௌரி. முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. தைலத்தில் பாதியைத்தான் கொடுத்தேன், நம்பு.

உன் கடிதம் வருவதற்கு முன்பே வானொலி சொல்லிவிட்டது. கவோங்கோ அப்போது தென்னை உச்சியில் பதநீர் இறக்கிக்கொண்டிருந்தான். அங்கிருந்தே கத்தினான். “அக்கா, உன் தம்பி பெரிய ஆளாயிட்டான். எனக்கு ஒரு மோட்டார் படகு கேட்டு எழுது.” கீழே நின்ற அவன் பெண்டாட்டி, “மொதல்ல கையில இருக்குறத சிந்தாம எறங்கு, அப்புறம் படகு ஓட்டலாம்” என்றாள். கிணற்றடியில் செவிலி வேறு வந்து, “அதிபரோட அக்கா தண்ணி எறைக்கலாமா? கயித்த இங்க கொடுங்க” என்று வாளியைப் பிடுங்கினாள். ஊர் முழுக்க ஒரே குஷி. நீ பெரிய ஆளானால் நாங்களும் கொஞ்சம் உயரமாகிவிடுவோம் என்று எல்லோருக்கும் நினைப்பு.

தெகாயி விஷயம் உண்மைதான். ஊர்க்கூடத்தில் பிரிபோ பெரியவர், “அவன் ஜெபத்த அவன் கடலுக்கு நடுவுல வச்சுக்கட்டும், இங்க வேணாம்” என்று சொல்லிவிட்டார். மற்ற பெரியவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. தெகாயியின் சின்ன மகள் என்னிடம் பாய் முடையக் கற்றுக்கொண்டிருந்தாள்.

ஒன்று சொல்கிறேன், கேள். இதை வானொலியில் பேசாதே. விமானம் ஏறி இங்கே வா. வழக்கப்படி பெரியவர்கள் முன்னால் புகையிலைக் கட்டை வைத்துவிட்டு, கூடத்தில் நம் குடும்பத்து இடத்தில், அப்பா உட்கார்ந்த தூணடியில் உட்கார்ந்து சொல். அங்கிருந்து நீ என்ன திட்டினாலும் அது பேச்சு. பிரிபோ மூன்று நாள் மல்லுக்கு நிற்பார், நாலாம் நாள் களைத்துப்போய் விட்டுக்கொடுப்பார். நாம் பார்க்காததா? அதே வார்த்தையை வெளியிலிருந்து சொன்னால் அவமானம். சட்டம் படித்தவனுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

வேளைக்குச் சாப்பிடு. உடம்பும் மனசும் நன்றாக இருக்கட்டும்.
அக்கா,
ராகேரா


பைரிக்கி
மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

மௌரி. நலமா? உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. மழையில் பத்து நாளாக விமானமே இல்லை.

நான் பேசியாகிவிட்டது. நீயும் கேட்டிருப்பாய். “உங்க சொந்தத் தீவுலயே ஒரு குடும்பத்த வெளியேத்துறாங்களே, என்ன சொல்றீங்க?” என்று நேராகக் கேட்டார்கள். மற்ற இருவரும் இந்த மாதிரிக் கேள்விக்குப் பெரியவர்களை மதிக்கிறோம் என்று சொல்லி நழுவினார்கள். நானும் நழுவியிருக்கலாம். பையில் சாசனப் புத்தகம் இருந்தது. இருபது வருடமாக அதைக் காட்டித்தானே பிழைக்கிறேன். “ஊர்க்கூடத்துக்கும் மேல நம்ம அரசியல் சாசனம் இருக்கு. யார் எப்படி ஜெபம் பண்ணணும்னு சொல்ல பிரிபோ பெரியவருக்கும் அதிகாரமில்ல, அதிபரா வந்தா எனக்கும் இல்ல. ஒருத்தரையும் அவங்க மண்ணவிட்டு ஏத்தி அனுப்ப முடியாது” என்றேன். பெயரைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று வெளியே வந்தபிறகு தோன்றியது.

இங்கே இளைஞர்கள் தெருவில் நிறுத்திக் கைகுலுக்குகிறார்கள். அங்கே என்ன சொல்கிறார்கள்? பிரிபோ கோபமாக இருக்கிறாரா? உடனே எழுது.

உன் நலம் நாடும்,
தபுயா


ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

மௌரி. நான் நன்றாக இருக்கிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, காகிதம் தீர்ந்திருந்தது.

வானொலி கேட்டேன். குரல் தெளிவாக இருந்தது. உனக்குச் சளி பிடித்திருந்தது போல, கவனித்துக்கொள்.

பிரிபோ பெரியவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. தெகாயி குடும்பம் கப்பலில் போய்விட்டது. சின்னவள் பாதி முடைந்த பாயை என் வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். அதை நான் முடித்துவைத்தேன்.

சீமைப்பலா நன்றாகக் காய்த்திருக்கிறது. பதநீர் குடித்துக் கொஞ்ச நாள் ஆகிறது. கவோங்கோவுக்கு முதுகுவலி என்று நினைக்கிறேன். மீனும் அவ்வளவாக இல்லை. வீடு அமைதியாக இருக்கிறது, நன்றாகத் தூங்குகிறேன்.

நீ வர வேண்டாம். தேர்தல் வேலையைப் பார். கடவுள் துணை.
ராகேரா


பைரிக்கி
மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

மௌரி. உடம்புக்கு ஏதாவது செய்கிறதா? மறைக்காமல் எழுது.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். அதில் யாருமே பேசவில்லையே. வழக்கமாக உன் கடிதத்தைப் பிரித்தால் ஊரே கத்தும். கவோங்கோ பெண்டாட்டி என்ன சொன்னாள், கிணற்றடியில் யார் யாரை வாரினார்கள் என்று நாலு பக்கம் போகும். இதில் சீமைப்பலாவும் பாயும்தான் இருக்கின்றன. கவோங்கோவுக்கு முதுகுவலி என்று “நினைக்கிறேன்” என்றால் என்ன அர்த்தம்? அவன் வீடு பத்தடியில் இருக்கிறது.

நாளை வடக்குத் தீவுகளுக்குப் போகிறேன். அங்கே எனக்கு நல்ல ஆதரவு. நம் தீவின் நானூறு ஓட்டும் சேர்ந்தால் ஜெயிப்பேன் என்று சொல்கிறார்கள். சொந்தத் தீவு கைவிடாது என்று நானும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். சரிதானே?

பதிலை எதிர்பார்த்திருக்கும் தம்பி,
தபுயா


மே 17

தம்பிக்கு,

மௌரி. உடம்புக்கு ஒன்றுமில்லை. வயதானால் எழுத விஷயம் குறையும். ஓட்டு விஷயம் எனக்குத் தெரியாது.

நன்றாக இரு.
ராகேரா


பைரிக்கி
ஜூன் 1

அக்கா,

மௌரி சொல்லக்கூடக் கை வரவில்லை.

நேற்று பெத்தியோவில் தெகாயியைத் தேடிப் போனேன். அவனுடைய மனுவை உயர்நீதிமன்றத்தில் போட வேண்டியிருந்தது. மச்சான் வீட்டுத் தாழ்வாரத்தில் குடும்பமே ஒண்டிக்கொண்டிருக்கிறது. கையெழுத்து வாங்கிக்கொண்டு எழுந்தபோது அவன், “உங்க அக்காவ விட்டுட்டாங்களா?” என்று கேட்டான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் அவன் எல்லாவற்றையும் சொன்னான். வானொலிக்கு மறுநாளே உன்னைக் கூடத்தில் எழுப்பி நிறுத்தினார்களாம். நான் வந்து புகையிலை வைத்து என் வார்த்தையைத் திரும்ப வாங்கும்வரை ஒருவரும் உன்னோடு பேசக்கூடாது, மீன் பங்கு கொடுக்கக்கூடாது, உனக்காக மரம் ஏறக்கூடாது என்றார்களாம். இரண்டரை மாதம், அக்கா. நீ எனக்குச் சீமைப்பலாவைப் பற்றி எழுதிக்கொண்டிருந்திருக்கிறாய்.

நான் 19ஆம் தேதி விமானத்தில் வருகிறேன். புகையிலை வாங்கிவிட்டேன். நம் இடத்தில் உட்கார்ந்து, பெரியவர்களே, வானொலியில் நான் சொன்னது தப்பு என்று சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு வாக்கியம். இதனால் நானூறு ஓட்டும் திரும்பி வரும் என்பதை நான் யோசிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். யோசித்தேன். அதிபரானபிறகு எல்லாவற்றையும் சட்டப்படி சரிசெய்துகொள்ளலாம்.

பொறுத்துக்கொள், வந்துவிடுகிறேன்.
தபுயா


ஜூன் 8

அன்புள்ள தம்பி தபுயாவுக்கு,

மௌரி. இந்தக் கடிதத்தை விமானியின் கையிலேயே கொடுக்கிறேன். அவன் வெளியூர்க்காரன், என்னிடமிருந்து வாங்கிக்கொள்வான்.

தெகாயி சொன்னது சரி. நீ முழுதாகத் தெரிந்துகொள். பிரிபோ கத்தவில்லை. மெதுவாகத்தான் பேசினார். “ராகேரா, உன் மேல எங்களுக்குக் கோவமில்ல. உன் தம்பி வெளிய நின்னு கல்லெறிஞ்சான். அவன் கை எங்களுக்கு எட்டல, உன் கைதான் எட்டுது” என்றார். நம் இடத்தில் விரித்திருந்த பாயைச் சுருட்டி என் கையில் கொடுத்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு வீடுவரை நடந்தேன். வழியில் குழந்தைகள் வீட்டுக்குள் ஓடின.

கவோங்கோவுக்கு முதுகுவலி கிடையாது. காலையும் மாலையும் மரத்தில் ஏறிப் பாடிக்கொண்டுதான் பதநீர் இறக்குகிறான். நான் கீழே உட்கார்ந்து கேட்பேன். மரத்தில் பாடுவது யாரோடும் பேசுவது ஆகாது, அதனால் அதைத் தடுக்க யாராலும் முடியாது. சில நாள் பாட்டு முடிந்ததும் எனக்கு அழுகை வரும். பசிகூடப் பெரிதில்லை, கிழங்கு இருக்கிறது. பேச்சுதான் இல்லை. ஒரு நாள் கோழியைத் திட்டிக்கொண்டிருந்தேன். திட்டி முடித்தபிறகுதான் என் குரலை நானே கேட்டு எத்தனையோ நாளாகிறது என்று தெரிந்தது. உனக்கு எழுத உட்கார்ந்தால் என்ன எழுதுவது? யாராவது ஏதாவது சொன்னால்தானே எழுத முடியும்.

நீ செய்தது முட்டாள்தனம். இங்கே வந்து சொல்லியிருக்க வேண்டும், பெயரையும் சொல்லியிருக்கக் கூடாது. அதற்கு உன்னை நேரில் பார்த்தால் நாலு சாத்து சாத்துவேன். ஆனால் இடம்தான் தப்பு, வார்த்தை தப்பில்லை.

ஒரு மனுஷியை இப்படிச் செய்ய யாருக்கும் அதிகாரமில்லை என்று நீ நாடு முழுக்கக் கேட்கச் சொன்னாய். அதனால் எனக்கு நடப்பது இப்போது தப்பாக இருக்கிறது. பிரிபோவுக்கே அது தெரியும். என்னைப் பார்த்தால் தலை குனிந்துகொண்டு போகிறார். நீ வந்து உட்கார்ந்து, நான் சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டால், அந்த நிமிஷமே எனக்கு நடந்ததெல்லாம் சரி என்று ஆகிவிடும். தெகாயியை ஏற்றி அனுப்பியதும் சரி என்று ஆகிவிடும். அவர்கள் எனக்கு மீன் கொடுப்பார்கள், நான் அதை வாங்கித் தின்ன வேண்டும். அதிபரானபிறகு சரிசெய்வேன் என்கிறாய். எந்த வாயால்?

இத்தனை வருடத்தில் நான் உன்னிடம் ஒரு சட்டைகூடக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். தபுயா, இது என் புபுதி. நீ வராதே. சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள். புகையிலையை யாருக்காவது கொடுத்துவிடு.
உன் அக்கா,
ராகேரா


பைரிக்கி
ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

மௌரி. நேற்றைய விமானம் நான் இல்லாமல் கிளம்பிப் போனதை ஓடுதளத்துக்கு வெளியே நின்று பார்த்தேன்.

நாடே என்னிடம் சட்டத்தைப் பற்றிக் கேட்கிறது, நீ மட்டும் மறுக்க முடியாததைக் கேட்டுவிட்டாய். கோபமாக இருக்கிறேன். நீ அங்கே கோழியோடு பேசிக்கொண்டிருக்க, நான் இங்கே மேடை மேடையாக உரிமை உரிமை என்று பேசுகிறேன். கைதட்டும்போது தலையைத் தூக்க முடியவில்லை. நேற்று ஒரு கூட்டத்தில் உன்னைப் பற்றிச் சொல்லலாம் என்று வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். உன் துன்பத்தைக் காட்டி ஓட்டு வாங்க எனக்கு மனம் வரவில்லை.

தெகாயி மனுவோடு உன் பெயரிலும் ஒரு மனு தயார் செய்து இணைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு. டிசம்பருக்கு முன் விசாரணைக்கு வராது என்கிறார்கள். வேட்பாளரின் அக்கா என்று முன்னால் இழுக்க நான் கேட்க மாட்டேன், நீயும் விரும்ப மாட்டாய். வரிசையில் காத்திருக்கட்டும்.

கிழங்கு மட்டும் தின்னாதே. அரிசியும் டின் மீனும் அனுப்புகிறேன். தைரியமாக இரு.
தபுயா


பைரிக்கி
ஜூலை 11

அன்புள்ள அக்காவுக்கு,

மௌரி. வானொலியில் கேட்டிருப்பாய். இரண்டாவது இடம். முந்நூற்றுப் பதினோரு ஓட்டில் தோற்றேன்.

நம் தீவில் விழுந்தவை நானூற்று முப்பத்தாறு. நான் கணக்குப் போடவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். போட்டேன். போட்டு முடித்துவிட்டு உன் மேல் கோபப்பட்டேன், அது ஒரு பகல் இருந்தது. இப்போது இல்லை. என் வார்த்தை என்னிடம் இருக்கிறது. வேறு எதுவும் இல்லை. உறவினர்கள் வருவது நின்றுவிட்டது. நேற்று என் சட்டையை வாங்கிப் போனவர் எதிரே வந்தார், நீலச் சட்டையோடு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒன்றுதான் மனதைக் குடைகிறது. அந்த நானூற்று முப்பத்தாறில் எனக்கு விழுந்தது இரண்டு. ஒன்று நீ. இன்னொன்று யார், அக்கா? கவோங்கோவா? செவிலியா? நீ அங்கேயே இருக்கிறாய், முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். எப்படியாவது கண்டுபிடித்து எழுது. அந்த ஒரு ஆளுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

சுகமாக இரு.
தபுயா


ஜூலை 25

அன்புள்ள தம்பி தபுயாவுக்கு,

மௌரி. நான் நலம். அரிசி வந்தது. மனுவில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன்.

நீ தோற்றது எனக்கு வலிக்கிறது. என்னால்தான் என்பதும் தெரியும். அதற்கு மன்னிப்புக் கேட்டால் நீ என்னை மன்னிக்க வேண்டியிருக்கும், அந்தச் சிரமம் உனக்கு வேண்டாம்.

ஓட்டுப் போட்ட கதையைக் கேள். கூடத்தில்தான் பெட்டி வைத்திருந்தார்கள். நான் கடைசியாகப் போனேன். எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். மேசையில் தராவாவிலிருந்து வந்த பையன் ஒருவன், அவனுக்கு நம் ஊர் விவகாரம் ஒன்றும் தெரியாது. பட்டியலைப் பார்த்து என் பெயரை அப்பா பெயரோடு சேர்த்து முழுதாக வாசித்தான். நாலு மாதத்தில் என் பெயரை ஒரு மனிதக் குரலில் கேட்பது அதுதான் முதல் தடவை. “காது சரியா கேக்கலப்பா, இன்னொரு தரம் சொல்லு” என்றேன். சொன்னான். நன்றாகவே கேட்டது.

எண்ணிக்கையை அவன்தான் கூடத்தில் உரக்கப் படித்தான். உன் பெயருக்கு நேராக இரண்டு என்றதும், வாசலுக்கு வெளியே நின்ற எனக்கே பிரிபோ மூச்சுவிடுவது கேட்டது. “ஒண்ணு யாருன்னு தெரியும். இன்னொண்ணு யாரு?” என்று கேட்டார். அந்தப் பையன் சீட்டுகளைக் கட்டிப் பெட்டியில் போட்டுக்கொண்டே, “பெரியவரே, அத நீங்க கேக்கக்கூடாது, சட்டம்” என்றான். பிரிபோ உட்கார்ந்துவிட்டார்.

அவர் கேட்ட அதே கேள்வியை நீயும் கேட்கிறாய். நான் கண்டுபிடிக்க மாட்டேன், தபுயா. தெரிந்தால் என் கண் அந்தப் பக்கம் போகும், என் கண் போகும் இடத்தை இந்த ஊர் பார்க்கும். அடுத்துச் சுருட்டும் பாய் அந்த ஆளுடையதாக இருக்கும். நீ நன்றி சொல்ல வேண்டுமென்றால் அங்கிருந்தே மனதுக்குள் சொல்லிக்கொள்.

இன்று காலை கிணற்றடியில் ஒன்பது பேர் இருந்தார்கள். என்னைக் கண்டதும் வழக்கம்போலப் பேச்சை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார்கள். நான் தண்ணீர் இறைத்தேன். யார் என்று தெரியாததால் ஒன்பது பேருக்கும் ஒவ்வொருவராக மௌரி சொல்லிவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

உன் உடம்புக்கும் வீட்டுக்கும் ஒரு குறையும் வராதிருக்கட்டும்.
உன் அக்கா,
ராகேரா